ஏற்புரையில் வராத கணக்கு

தமிழ் எழுத்தாளரிடம் மைக்கைக் கொடுத்துப் பாருங்கள். கதை எப்படிப் பிறந்தது என்று முக்கால் மணி நேரம் பேசுவார். முதல் வரிக்காக மூன்று மாதம் தவமிருந்ததைச் சொல்வார். பாதி நாவலில் பாத்திரங்கள் தன் பிடியை விட்டுத் தாமாகவே நடக்கத் தொடங்கிவிட்டன என்பார், கூட்டம் சிலிர்க்கும். பாத்திரங்களோடு சேர்ந்து ராயல்டியும் நடையைக் கட்டிவிட்டதே, அது எந்தப் பக்கம் போனது என்று கேட்க மட்டும் அரங்கில் ஒருவருக்கும் வாய் வராது.

வெளியீட்டு விழா நீங்கள் அறியாததா? வரவேற்புரை, வாழ்த்துரை, பொன்னாடை. நேற்றிரவுதான் நூலைக் கையில் வாங்கிய சிறப்பு விருந்தினர், முன்னுரையில் பொறுக்கிய நான்கு சொற்களை வைத்துக்கொண்டு தஸ்தயேவ்ஸ்கி வரை போய்வருவார். கடைசியில் ஏற்புரை. படைப்பாளியின் குரல் தழுதழுக்கும். யாருக்கு நன்றி? பணத்தை எதிர்பார்க்காமல் நூலைக் கொண்டுவந்த பதிப்பாளருக்கு. முன்பணமாகவே வாங்கிக்கொண்டவர் எதற்கு எதிர்பார்க்கப் போகிறார்?

சொந்தக் காசில் நூல் போடுவதில் இழுக்கு ஒன்றுமில்லை. சி.சு. செல்லப்பாவும் தம் நூல்களைத் தாமே வெளியிட்டவர்தான். இழுக்கு, அதன்மேல் அடிக்கிற வர்ணத்தில் இருக்கிறது. இப்போது நூறு பிரதி அடித்தாலே ஒரு பதிப்பு. அதில் பாதியை எழுதியவரே வாங்கி, மாமனார் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் கொடுத்துத் தீர்த்ததும், 'மூன்றே வாரத்தில் இரண்டாம் பதிப்பு' என்று விளம்பரம். புதியவர்களைக் கறக்கவே பேக்கேஜ் போட்டு வைத்திருக்கிறார்கள்: பிழைதிருத்த இவ்வளவு, அட்டைக்கு இவ்வளவு, ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கு இவ்வளவு. அந்த எண்ணை ராஜா ராம்மோகன் ராய் பெயரிலுள்ள மத்திய அரசு முகமை இலவசமாகத் தருகிறது. முதல் வரிக்கு மூன்று மாதம் தவமிருந்தவருக்கு இதைத் தேடிப் பார்க்க மூன்று நிமிடம் வாய்க்கவில்லை.

காசு கொடுக்காமல் நூல் வந்தவர் நிலை? வாய்ப்பேச்சுதான் ஒப்பந்தம். வழக்கமாகச் சொல்லும் 10 சதவீதம் ஒழுங்காக வந்தாலும், 300 ரூபாய் நூல் 500 பிரதி விற்றால் 15,000 ரூபாய். சில வருட உழைப்புக்கு. அதுவும் வராது. கேட்டால், "புத்தகமெல்லாம் எங்க சார் விக்குது?" விற்காத புத்தகத்துக்குத்தான் ஒவ்வொரு ஜனவரியிலும் புத்தகக் காட்சியில் ஸ்டால் எடுக்கிறார்கள். அங்கே ஸ்டால் வாடகை உண்டு, அச்சகத்துக்குக் காசு உண்டு, பில் போடும் பையனுக்குச் சம்பளம் உண்டு. வாங்குகிற உங்களுக்குக்கூட 10 சதவீதம் தள்ளுபடி, கேட்காமலே, அந்த இடத்திலேயே. எழுதியவரின் 10 சதவீதத்துக்கு மட்டும் வழி தெரியவில்லை. அவருக்கு ஸ்டால் வாசலில் நாற்காலி போட்டுக் கையெழுத்திடும் பாக்கியம் உண்டு. (ஒழுங்காகக் கணக்கு அனுப்பும் பதிப்பகங்களும் இருக்கின்றன. அவர்கள் இதைப் படித்துக் கோபப்பட மாட்டார்கள். கோபப்படுகிறவர் யார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.)

இலக்கியவாதி காசைப் பேசலாமா என்று ஒரு கூட்டம் முகம் சுளிக்கும். உடனே புதுமைப்பித்தனை இழுத்து வருவார்கள். சினிமாவில் பிழைப்புத் தேடிப் புனே வரை போய், காசநோயோடு திரும்பி, 1948இல் 42 வயதில் செத்துப்போன மனிதர். அந்தச் சாவை மேடையில் உருகி உருகிச் சொல்லிக் கைதட்டு வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. செல்லப்பா புத்தகக் கட்டைச் சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றதும் இவர்களுக்குக் காவியம். அவருக்கு சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது 2001இல். அப்போது அவர் இறந்து மூன்றாண்டு ஆகியிருந்தது. செத்தவர்களின் பட்டினியைக் காட்டி, இருப்பவர்களின் கூலியை அமுக்குகிறார்கள்.

அமுக்குபவராவது வியாபாரி. பயிலரங்கில் இளைஞர்களை உட்காரவைத்து அகத்தரிசனம், மொழியின் மௌனம் என்றெல்லாம் வகுப்பெடுத்துவிட்டு, ஒப்பந்தம் பற்றி மூச்சே விடாத மூத்த படைப்பாளிகளை என்ன சொல்வது? அதிகாரத்தை எதிர்த்து எழுதுவதே இலக்கியம் என்பார்கள். தன் பதிப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதத் துணிச்சல் கிடையாது. அடுத்த நூல் வரவேண்டுமே!

பதிப்புரிமைச் சட்டம் 1957இலிருந்து இருக்கிறது. உரிமையை மாற்றிக் கொடுப்பதென்றால் அது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. ராயல்டி எவ்வளவு என்பதும் அதில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தே வருடம்தான் செல்லும்.

வாசகர்களே, அடுத்த எழுத்தாளர் சந்திப்பிலும் கேள்வி நேரம் வரும். உங்களைப் பாதித்த எழுத்தாளர் யார் என்று தயவுசெய்து கேட்காதீர்கள். போன வருடம் எத்தனை பிரதி விற்றது, கைக்கு எவ்வளவு வந்தது என்று கேளுங்கள். பதிப்பாளர் முதல் வரிசையில்தான் உட்கார்ந்திருப்பார்.