டஞ்சன் என்னும் சொல்லின் வீழ்ச்சி: ஓர் ஆழமான ஆய்வு

டஞ்சன் என்றால் என்ன என்று வீடியோ கேம் ஆடும் பிள்ளைகளைக் கேளுங்கள். பூமிக்கடியில் இருக்கும், இருட்டாக இருக்கும், உள்ளே ஒரு பூதம், பூதத்துக்குப் பின்னால் ஒரு புதையல் என்று மூச்சு விடாமல் சொல்வார்கள். ஆங்கில நாவல் படித்து வளர்ந்த பெரியவர்களைக் கேட்டால் பூதத்தின் இடத்தில் ஒரு கைதியும், புதையலின் இடத்தில் ஓர் எலியும் வரும். மற்றபடி இரு தலைமுறைக்கும் பேதமில்லை. இத்தனை ஒற்றுமை நிலவும் இடத்தில் ஆய்வாளனுக்குச் சந்தேகம் தட்டவேண்டும். எமக்குத் தட்டியது. யாம் கண்ட முடிபை முதலிலேயே சொல்லிவிடுகிறோம், கடைசிவரை யாரும் படிப்பதில்லை என்பதால்: டஞ்சன் என்பது கோட்டையிலேயே மிக உயரமான கட்டடம்.

எங்ஙனம் எனின், பழைய பிரெஞ்சில் தொன்ஜோன் என்பது கோட்டையின் தலைமைக் கோபுரம். பிரபு வசித்ததும் அங்கேதான், பகைவர் மதிலை உடைத்துவிட்டால் கடைசியாக ஏறித் தாழிட்டுக்கொண்டதும் அங்கேதான். பாரிசுக்குக் கிழக்கே வின்சென் கோட்டையில், மன்னர் ஐந்தாம் சார்லஸ் காலத்தில் கட்டி முடித்த தொன்ஜோன் சுமார் 50 மீட்டர் உயரம். வடக்கே கூசியில் 13ஆம் நூற்றாண்டில் ஒரு பிரபு எழுப்பியது அதையும் விஞ்சியது. குறுக்களவே 30 மீட்டருக்கு மேல். 1917இல் பின்வாங்கிய ஜெர்மானியப் படை வெடிவைத்துத் தகர்க்கும்வரை அது நின்றது. இன்றும் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் தொன்ஜோன் எங்கே என்று கேட்டால் மேலே கைகாட்டுவார். ஆங்கிலக் கால்வாயைத் தாண்டி அதே கேள்வியைக் கேட்டால் கை கீழே இறங்கிவிடுகிறது. நடுவில் இருப்பது முப்பத்துச் சொச்சம் கிலோமீட்டர் தண்ணீர். அந்தத் தண்ணீரில் கை எப்படி இறங்கிற்று என்பதே ஆராயத்தக்கது.

இச்சொல்லின் பிறப்பைப் பற்றி இரண்டு கட்சிகள் உள. முதற்கட்சியை எசமானக் கட்சி என்க. லத்தீனில் தோமினுஸ் என்றால் எசமான், ஆண்டவன். அதிலிருந்து தோம்னியோ, அதாவது எசமானின் கோபுரம், அதிலிருந்து தொன்ஜோன், அதிலிருந்து டஞ்சன். இவ்வம்சம் பெரிது. படங்களில் கறுப்புக் கண்ணாடியோடு வரும் டான் இந்த வம்சம். அலுவலகத்தில் நாம் எழுந்து நின்று கூப்பிடும் மேடம் இந்த வம்சம். வேளாங்கண்ணிக்கு நடந்தே போகும் டொமினிக்கும் இந்த வம்சந்தான். மின்கம்பத்தில் மண்டையோட்டுக்கு அருகே எழுதியிருக்கும் டேஞ்சரைக்கூட விலக்க முடியாது. எசமானின் அதிகாரத்துக்குள் அகப்பட்டிருத்தல் என்பதே அதன் பழம்பொருள், ஆபத்து என்ற பொருள் பின்னால் வந்தது. சம்பளத்துக்கு வேலை செய்வோருக்கு இதற்கு உரை தேவையில்லை.

மற்றது சாணக் கட்சி. வாசகர் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். இக்கட்சியில் கனவான்கள் இருக்கிறார்கள். கி.பி. 98 வாக்கில் ஜெர்மானியரைப் பற்றி நூல் எழுதிய ரோமானியர் தாசிட்டஸ், அம்மக்கள் நிலத்துக்குள் அறை தோண்டி, அதன்மேல் சாணத்தைக் குவித்து, குளிர்காலத்தில் ஒண்டிக்கொள்ளவும் விளைச்சலைப் பத்திரப்படுத்தவும் பயன்படுத்தியதைச் சொல்கிறார். அவர்கள் நிலத்தடியில் இருந்து துணி நெய்ததை மூத்த பிளினி சொல்கிறார். அந்த அறைக்குப் பழைய ஜெர்மானிய மொழிகளில் டங் என்ற இனத்துச் சொல் ஒன்று இருந்தது. எருவைக் குறிக்கும் ஆங்கில டங் அதன் உறவு. டஞ்சன் இந்த வழியில் வந்தது, அது பிறந்ததே குழிக்குள்தான், வீழ்ச்சி என்ற பேச்சுக்கே இடமில்லை என்பது இக்கட்சியின் வாதம்.

பெரிய அகராதிகள் எசமானக் கட்சியை நடுக்கூடத்தில் உட்காரவைத்து, சாணக் கட்சிக்குத் திண்ணையில் ஓர் ஓரம் கொடுக்கின்றன. ஐரோப்பியப் பண்டிதர்களுக்கு ஆண்டவனும் சாணமும் ஒரே சொல்லில் வந்து நிற்பது பெருஞ்சங்கடம். சாணியில் பிள்ளையார் பிடித்து உச்சியில் அறுகம்புல் செருகும் நமக்கு அதில் என்ன சங்கடம்? ஆயினும் கோபுரங்கள் கண்முன் நிற்கின்றன. ஆகவே யாம் எசமானக் கட்சியிலேயே அமர்கிறோம், திண்ணைப் பக்கம் ஒரு கண்ணை வைத்தபடி.

இனி வீழ்ச்சி. கோபுரம் ஏன் சிறையாயிற்று என்பதற்கு விடை அதன் கட்டுமானத்திலேயே இருக்கிறது. இக்கோபுரங்கள் பலவற்றில் தரைத்தளத்துக்கு வெளியிலிருந்து வாசலே கிடையாது. வாசல் முதல் மாடியில், வெளியே படிக்கட்டு. கீழ்த்தளத்துக்கு உள்ளிருந்துதான் இறங்கவேண்டும். தானியம், திராட்சை மது, கிணறு எல்லாம் அங்கே. பகைவன் உள்ளே வரமுடியாதபடி கட்டிய அறையிலிருந்து கைதியும் வெளியே போகமுடியாது என்ற பேருண்மையை எவனோ ஒரு பிரபு ஒருநாள் கண்டுபிடித்திருக்கிறான். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆங்கிலத்தில் இச்சொல் நிலவறைச் சிறையையும் குறிக்கத் தொடங்கிவிட்டது. பின்னர் பிரபுக்களுக்குக் குளிர் தாங்கவில்லை, படியேற முழங்காலும் இடந்தரவில்லை. வசதியான மாளிகைகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். காலியான வீட்டுக்கு வாடகைக்கு ஆள் வராவிட்டால் கைதியை வைப்பது அரசாங்கங்களின் பொதுப்பண்பு.

அற்றேல், தொடக்கம் முதலே கைதியைக் கீழேதான் வைத்தார்களோ எனின், அன்று. லண்டன் கோபுரத்தின் முதல் கைதியாகப் பதிவாகியிருப்பவர் டர்ஹம் ஆயர் ரனுல்ஃப் ஃபிளம்பார்ட். குடிகளிடம் வரி கறப்பதில் வல்லவர். 1100இல் முதலாம் ஹென்றி பட்டத்துக்கு வந்ததும் இவரைப் பிடித்து உள்ளே போட்டார். உள்ளே என்றால் மேலே. நண்பர்கள் மதுப் பாத்திரத்துக்குள் கயிறு வைத்து அனுப்பினார்கள். ஆயர் காவலர்களுக்கு விருந்து வைத்து, அவர்கள் குறட்டை விட்டதும் ஜன்னல் தூணில் கயிற்றைக் கட்டி இறங்கி, 1101 பிப்ரவரியில் தப்பிவிட்டார். கையுறை போட மறந்ததால் உள்ளங்கைத் தோல் உரிந்துபோயிற்று என்கிறார் வரலாற்றாசிரியர் ஓர்டெரிக் விட்டாலிஸ். வேந்தர்கள் இதிலிருந்து பாடம் கற்றார்களோ இல்லையோ, சொல் கற்றுக்கொண்டது. கைதி கயிறு கட்டி இறங்க முடியாத ஒரே இடம் அடித்தளம்.

கோபுரங்களே விழுந்ததும் உண்டு. 1215இல் ஜான் மன்னர் ரோச்செஸ்டர் கோட்டையை முற்றுகையிட்டு, பெருங்கோபுரத்தின் மூலைக்குக் கீழே சுரங்கம் தோண்டி, முட்டுக்கட்டைகளைக் கொளுத்த நாற்பது கொழுத்த பன்றிகள் வேண்டுமென ஓலை அனுப்பினார். தின்பதற்கு ஆகாத பன்றிகளாகப் பார்த்து அனுப்புக என்பது கட்டளை, அரசர் சிக்கனமானவர். கொழுப்பு எரிந்தது, மூலை சரிந்தது.

பிரான்சிலோ கோபுரம் சிறையான பிறகும் சொல் இறங்க மறுத்துவிட்டது. வின்சென் தொன்ஜோனில் 1749இல் சிந்தனையாளர் திதரோ அடைபட்டார். பிற்பாடு மிராபோவும் சாத் பிரபுவும் அங்கே களி தின்றார்கள். திதரோவைப் பார்க்க ரூசோ பாரிசிலிருந்து நடந்தே போனபோதுதான், வழியில் பத்திரிகையில் ஒரு கட்டுரைப் போட்டி அறிவிப்பைக் கண்டு ஞானம் பெற்றார். கைதியைப் பார்க்கப் போனவருக்குக் கிடைத்த ஞானம் இது. எமக்கு நூலகத்தில் தும்மல்தான் கிடைத்தது.

சொல்லை அடியோடு குழிக்குள் தள்ளியவர்கள் கவிஞர்களும் நாவலாசிரியர்களும். ஜெனீவா ஏரிக்கரையில் ஷில்லோன் கோட்டையின் கீழறையில் 1530களில் ஃபிரான்சுவா போனிவார் என்பவர் அடைபட்டிருந்தார். 1816இல் பைரன் அங்கே போய்ப் பார்த்து நெடுங்கவிதை எழுதினார். பைரனின் பெயர் அங்கே தூண் ஒன்றில் செதுக்கப்பட்டிருக்கிறது. சுற்றுலாப் போனால் சுவரில் பெயர் கிறுக்கும் நம்மவர்கள் இனி வெட்கப்பட வேண்டியதில்லை. அதன்பின் ஒவ்வொரு கோட்டைக்காரருக்கும் ஒரு பாதாளச் சிறை தேவைப்பட்டது. பிரான்சில், கைதியைத் தள்ளிவிட்டு மறந்துவிடும் குழி என்ற பொருளில் ஊப்லியெத் என்ற பெயரோடு பயணிகளுக்குக் காட்டப்பட்ட பள்ளங்கள் பலவும் கழிவறைக் குழிகளும் கிடங்குகளுமே என்று கட்டடக்கலை வல்லுநர் வியொலே-லெ-தூக் போன்றோர் 19ஆம் நூற்றாண்டிலேயே ஐயுற்றனர். திண்ணையில் இருந்த சாணக் கட்சி இங்கே எழுந்து நின்று கைதட்டுகிறது.

கீழே இறங்கிய சொல்தான் கப்பலேறி நம் பக்கம் வந்தது. 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் ஹைதர் அலி, திப்பு படைகளிடம் சிக்கிய ஆங்கிலேயப் படையின் கர்னல் பெய்லி, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் சிறையிருந்து 1782இல் இறந்தார். அவர் பெயரால் இன்று அங்கே காட்டப்படும் வளைவுக்கூரை அறைக்கு ஆங்கிலத்தில் டஞ்சன் என்றே பெயர். ஆற்றோரச் சரிவில் இறங்கித்தான் போகவேண்டும்.

இனி யாம் மட்டுமே கண்டறிந்த ஏரிக் கொள்கை. டஞ்சனைக் கவிதையாக்கிய கோட்டை ஜெனீவா ஏரிக்கரையில் உள்ளது. டஞ்சனை விளையாட்டாக்கிய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1974இல் வெளிவந்தது. கேரி கைகேக்ஸும் டேவ் ஆர்னிசனும் படைத்த அதை வெளியிட்ட பதிப்பகம் இருந்த ஊர் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள லேக் ஜெனீவா! தற்செயல் என்பார் உளர். அவர்களோடு யாம் பேசுவதில்லை. எம்ஐடி மாணவர்கள் தம் கணினி விளையாட்டுக்கு டஞ்சன் என்று பெயரிட்டபோது அந்தப் பதிப்பகம் உரிமைப் பிரச்சினை கிளப்ப, அவர்கள் ‘ஸோர்க்’ என்ற பழைய பெயருக்கே திரும்பினார்கள். எசமானின் கோபுரத்துக்கு மீண்டும் எசமான் வந்துவிட்டார் என்க.

அதே 1974இல் லண்டனில் ‘லண்டன் டஞ்சன்’ என்ற பயமுறுத்தும் கண்காட்சி திறந்தது. 2013இல் அது தேம்ஸ் கரையிலுள்ள கவுண்ட்டி ஹாலுக்கு மாறியது. 1986வரை லண்டனின் ஆட்சிமன்றம் கூடிய கட்டடம் அது. ஆளுவோர் வீடு காலியானதும் டஞ்சன் ஆகும் என்ற எமது முடிபுக்கு இதைவிட நல்ல சான்றை யாமே கட்டியிருந்தாலும் கட்டியிருக்க முடியாது.

நேரில் சரிபார்க்க விரும்புவோர் பாரிஸ் மெட்ரோவின் 1ஆம் தடத்தில் கடைசி நிறுத்தமான வின்சென்வரை நிலத்தடியில் போய், அங்கிருந்து மேலே ஏறி வந்து, மறுபடி கோபுரத்துப் படிகளிலும் ஏறவேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் லண்டனுக்கே போகவும்.