ஆடிக்கு விதை தேடும் மாப்ளைக்கு

வா மாப்ள, திண்ணையில உக்காரு. பையில என்ன, இம்புட்டு விதைப் பாக்கெட்டா? விரி, பாப்போம். ஏப்பா, வீட்டுக்குப் பின்னாடி இருக்குறதே மூணு சென்ட். கிணறும் உங்க அப்பத்தா போட்ட துவைகல்லும் போக மிச்சம் ரெண்டு தேறும். இதுல பத்து கிராம் கத்தரி விதை வேற. கிராமுக்கு இருநூறு விதைக்குக் குறையாது. அத்தனையும் முளைச்சா ரெண்டாயிரம் நாத்து. நட்டுட்டு நீ எங்க படுப்ப?

படத்தப் பாத்து வாங்கிருக்க. தக்காளி அட்டையில பளபளன்னு சிரிக்குது. போட்டோவ நம்பித் தாலி கட்டுனவன் கதை நம்ம தெருவுலயே இருக்கு, பேரச் சொன்னா உங்க அத்தை எனக்கு ராத்திரி சோறு போடமாட்டா. பாக்கெட்டத் திருப்பு. சமாச்சாரமெல்லாம் பொடி எழுத்துல முதுகுலதான் இருக்கும். என்னைக்குச் சோதிச்சான், நூத்துக்கு எத்தன முளைக்கும், எந்தத் தேதி வரைக்கும் செல்லும். சோதிச்ச நாள்ல இருந்து ஒம்பது மாசம்தான் கணக்கு. மிளகாய் விதை நூத்துக்கு அறுபது முளைச்சாலே பாஸ். தக்காளி, கத்தரிக்கு எழுபது வேணும். நீ பத்தாவதுல வாங்குனதுக்கு மிளகாயே தேவலை. நீல அட்டை கட்டியிருந்தா அரசாங்கச் சான்று விதை. பச்சை அட்டைன்னா விக்கிறவனே தன் சரக்குக்குப் பண்ணுற சத்தியம். சத்தியம் பண்றவன் எல்லாம் பொய்யன்னு நான் சொல்லல, தேதியப் பாத்துக்கன்னேன்.

இந்தத் தக்காளி வீரிய ஒட்டு. திட்டுவேன்னு பாக்குறியா? மாட்டேன். நல்லாவே காய்க்கும். ஆனா தோலு கெட்டியா இருக்கணும்னே பாத்துப் பாத்துப் பண்ண ரகம் இது. ஒட்டன்சத்திரம் சந்தையில லாரி ஏறிக் கேரளா போயி நசுங்காம இறங்கணும்ல? உன் தக்காளி எங்க போகப்போகுது? கொல்லையில இருந்து அடுப்படி. அதுக்கு எதுக்கு மாப்ள இம்புட்டுக் கவசம்? இன்னொண்ணு, இதுல விதை எடுத்து அடுத்த வருசம் ஊனிடாத. ஒரு செடி பாட்டன் சாயல்ல நிக்கும், ஒண்ணு பாட்டி சாயல்ல நிக்கும், ஒண்ணு யாரு சாயல்னே சொல்ல முடியாது. சந்தேகப்பட்டு அதுகிட்ட கேக்கவும் முடியாது.

அந்தப் பக்கம் என்ன, துணிப்பையில முடிஞ்சு வச்சிருக்க? விதைத் திருவிழாவுல வாங்குன நாட்டுத் தக்காளியா! இருபது விதை அம்பது ரூபா. மூவாயிரம் வருசப் பாரம்பரியம்னானா? நல்லாத் தலையாட்டிட்டு வந்திருப்ப. தக்காளியும் மிளகாயும் அமெரிக்காக் கண்டத்துல பொறந்து கப்பலேறி வந்த சாதி. அதுக்கு முன்னாடி நம்ம பாட்டன் குழம்புக்குக் காரம் மிளகுல இருந்துதான் வந்துச்சு. அதுக்காகத் தூக்கிப் போட்டுறாத, ஒட்டு இல்லாத ரகம்னா தக்காளியில விதை எடுக்குறது லேசு. அது தன்னோட பூவுல தானே காய் பிடிக்கும், பெரும்பாலும் பிசகாது.

கத்தரி அசல் நம்ம நாட்டுக்காரிதான். அதுலயும் எந்த ஊரு நாடுன்னு கேட்டுக்கணும். வேலூர்ப் பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்கு 2023-ல புவிசார் குறியீடு குடுத்தான். அந்த மண்ணுக்கும் தண்ணிக்கும் கிடைச்ச கீர்த்தி அது. இங்க கொண்டாந்து நட்டா முள்ளுக்கு நான் ஜாமீன், ருசிக்கு இல்ல.

ப்ரோக்கோலியா? அது இங்கிலீஷ் காய். கொடைக்கானல்ல யாராச்சும் சொந்தக்காரன் இருந்தா மொய்யோட சேத்துக் குடுத்துரு. சுண்டைக்காய் விதை நாப்பது ரூபாயா? நம்ம வம்சத்துலயே அதைக் காசு குடுத்து வாங்குனது நீதான். குருவி தின்னுட்டுப் போடுற எச்சத்துல முளைக்கிற செடி.

அவரைதான் நீ உருப்படியா எடுத்திருக்க. ஆனா என்ன அவரைன்னு பாத்தியா? பந்தல்ல ஏறுற நாட்டு அவரைக்குப் பஞ்சாங்கம் தெரியும். பகல் பொழுது சுருங்குனாத்தான் பூ எடுக்கும். ஆடியில ஊனுனா ஐப்பசி கார்த்திகையில பூத்து, மார்கழி தையில கூடை கூடையா அறுக்கலாம். தையில ஊனிப் பாரு, கொடி கூரை ஏறும், பக்கத்து வீட்டு ஆன்டெனாவையும் வளைக்கும், பூவு மட்டும் கண்ணுல படாது. நாலு மாசம் தண்ணி ஊத்திட்டு, உரம் பத்தலைன்னு இன்னும் ரெண்டு மூட்டை இறக்குவ. அது பொழுதுக்குக் காத்துக்கிட்டு இருக்கும், நீ கடைக்காரனுக்குப் பணங்கட்டிட்டு இருப்ப. உன்ன மாதிரி அவசரக்காரனுக்குன்னே கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்துல செடி அவரை விட்டிருக்காங்க, அதுக்குப் பொழுதும் வேணாம், பந்தலும் வேணாம். இப்ப ஆடி பொறந்திருக்கு, நீ பந்தல் அவரையே போடு. அதோட வாசம் செடியவரைக்கு வராது, இது என் நாக்குச் சொல்றது.

வெண்டையில மட்டும் நாட்டுப் பெருமை பேசிட்டுத் திரியாத. வெள்ளை ஈ வந்து உக்காந்தா இலை நரம்பெல்லாம் மஞ்சப் பூத்துரும், காயும் வெளுத்துரும். பெங்களூரு ஆராய்ச்சி நிலையத்துல விட்ட அர்க்கா அனாமிகா அந்த நோவுக்குக் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஒட்டும் இல்ல, விதை எடுத்துக்கலாம். நல்ல செடியாப் பாத்து ரெண்டு காய முத்தவிடு. முத விதைதான் கடையில, ரெண்டாவது விதை உன் வெண்டையில இருந்தே வரும், செலவு மிச்சம்.

பாகல், புடல் முத முதல்ல பூக்குறதெல்லாம் ஆம்பளப் பூவுதான். காய் பிடிக்கலன்னு எனக்கு ராத்திரி போன் போடாத.

பீர்க்கு வாங்கிட்டியா? வாங்கலயா? அதான் என் மருமகன். கடையில தேடாத. எதுத்த வீட்டுக் கெழவி வேலியப் பாரு. எனக்கு மீசை முளைக்காத காலத்துல இருந்து அதே விதையத்தான் எடுத்து எடுத்துப் போடுறா. நம்ம தெருத் தண்ணியக் குடிச்சு, நம்ம தெரு வெயிலத் தின்னு பழகுனது. தேனீ கொண்டாந்து கலக்குறதுக்கு இந்தத் தெருவுல வேற பீர்க்கும் கிடையாது. கூரை எறவாணத்துல நெத்துக் காய் ஒண்ணு தொங்கும். நேரா விதை கேட்டேன்னா வாய்க்கு வந்ததச் சொல்லுவா. உடம்பு தேச்சுக் குளிக்கப் பீர்க்கங்கூடு இருந்தாக் குடு அப்பத்தான்னு கேளு. விதைய ஒதறிட்டுத்தான் கூட்டக் குடுப்பா. ஒதறுறப்ப நீ கீழ குனிஞ்சு பொறுக்கிக் குடுக்குற மாதிரி குனி.

பத்து விதை தேறுனா எனக்கு நாலு கொண்டா. என் பேரு மட்டும் அங்க எடுத்துறாத, பழைய வரப்புத் தகராறு ஒண்ணு இருக்கு.