மாடியில் ஒரு போர்ஷன்

கேள்வி: வயது 26. ஒரகடத்தில் வேலை. உத்திரமேரூரில் கடனில் ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விடலாமா?
– வாசகர், உத்திரமேரூர்

பதில்: உங்கள் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறதே, அதன்படி குடவோலையில் பெயர் ஏற 35 வயதாவது ஆக வேண்டும், கால் வேலிக்கு மேல் நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும். வாடகைக்கு விட அத்தனை வருஷம் காத்திருக்க வேண்டாம், கணக்குப் போட்டால் போதும். 20 லட்சத்துக்கு வீடு, மாதம் 5,000 வாடகை என்று வையுங்கள். ஆண்டுக்கு 60,000, வெறும் 3 சதவீதம். வீட்டுக் கடன் வட்டி இரண்டு மடங்குக்கு மேல் கேட்கும். வெள்ளையடிப்பு, மோட்டார் ரிப்பேர், ஆள் வராத மாதங்கள் எல்லாம் உங்கள் தலையில்தான். அப்பாவுக்குச் சொந்த வீடு இருந்தால் அதன் மாடியில் ஒரு போர்ஷன் எடுங்கள் தம்பி, மனைக்குக் காசு மிச்சம்.

வாங்கியே தீருவதென்றால் 30 வருட வில்லங்கம், பட்டா, டிடிசிபி அனுமதி மூன்றையும் பாருங்கள். ஏரிக்கென்றே வாரியம் வைத்த ஊர் உங்களுடையது. நீர்நிலைப் புறம்போக்கில் முளைத்த மனையைச் சும்மா கொடுத்தாலும் தொடாதீர்கள்.

குடித்தனக்காரரிடம் வாய்ப்பேச்சு வேண்டாம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் போட்டு, வாடகை அதிகாரியிடம் பதியுங்கள். அட்வான்ஸ் மூன்று மாத வாடகை போதும். காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டிய பணம் அது, பைக் வாங்கிவிடாதீர்கள்!