பீஸ் வேண்டாம், குழம்பு மட்டும்: தமிழர் ஊணியலில் விடுபட்ட ஓர் இயல்

தமிழர் உணவைப் பற்றி எழுதப் புகுந்தோர் மனிதரைச் சைவர், அசைவர் என இரண்டே கூறாகப் பிரித்துவிட்டுக் கை கழுவப் போய்விடுகிறார்கள். இலை எடுத்தபின் வந்து பந்தியைப் பார்த்தவர்களின் பகுப்பு இது. இலை போட்டிருக்கும்போதே வந்து பார்த்திருந்தால், நடுவில் ஒரு பெருங்கூட்டம் உட்கார்ந்து, "பீஸ் வேண்டாம், குழம்பு மட்டும் ஊத்துங்க" என்று சொல்வது காதில் விழுந்திருக்கும். இக்கூட்டத்துக்கு இதுவரை பெயர் இல்லை. இக்கட்டுரை இவர்களைக் 'குழம்பர்' என வழங்கும். அச்சில் 'குழப்பர்' என்று வந்துவிட்டால் திருத்த வேண்டியதில்லை.

முதலில் சொல்லாராய்ச்சி. எந்த ஆய்வும் சொல்லில்தான் தொடங்க வேண்டும், பக்கம் நிரம்பும். 'சைவம்' என்பது ஒரு சமயத்தின் பெயர். அது கத்தரிக்காயின் பெயராகிவிட்டது. பெருமாள் கோயில் புளியோதரையையும் நாம் சைவம் என்றே சொல்கிறோம், பெருமாளும் பொறுத்துக்கொள்கிறார். ஈழத்தார் 'மரக்கறிச் சாப்பாடு' என்று சொல்லி இச்சிக்கலிலிருந்து தப்பித்துக்கொண்டார்கள். ஆனால் 'கறி' அவர்களையும் விடவில்லை. சங்க நூல்களில் கறி என்பது பெரும்பாலும் மிளகு. இன்று ஒரு வீட்டில் வாழைக்காய்க் கறி, அடுத்த தெருவில் "கறி எடுத்தாச்சா?" என்றால் ஆடு. மரத்துக்கும் ஆட்டுக்கும் நடுவே, இரண்டு பக்கமும் உறவு கொண்டாடியபடி, கறிவேப்பிலை நிற்கிறது. அதன் முக்கியத்துவம் பின்னர் விளங்கும்.

அடுத்து, புள்ளிவிவரம். 2014-ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவு முறைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் அசைவர். எந்தக் கிழமையில் கேட்டார்கள் என்பதே என் கேள்வி. செவ்வாய் முருகனுக்கு, வெள்ளி அம்மனுக்கு, சனி பெருமாளுக்கு, திங்கள் சிவனுக்கு, வியாழன் சாய்பாபாவுக்கோ ராகவேந்திரருக்கோ என்று போக, மிஞ்சுவன புதனும் ஞாயிறும். அந்தப் புதனில் அமாவாசை வராமலிருக்க வேண்டும். ஞாயிற்றில் கிருத்திகை வராமலிருக்க வேண்டும் (பெரியம்மா, வாய்மொழி). புரட்டாசி பிறந்தால் கறிக்கடைக்காரர் கத்தியைக் கழுவி வைத்துவிட்டு ஈ ஓட்டுகிறார். ஆக, நூற்றுக்கு 97 பேரும் வாரத்தில் ஐந்து நாள் சைவரே. எஞ்சிய இரண்டு நாளும் தலைக்குக் குளித்தால் தீர்ந்துவிடும் (பெரியம்மா, திண்ணை உரை, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவியபடி).

நடுவில் நிற்கும் வேறு இரு பிரிவினரும் உண்டு. முட்டை உண்போர்: தம்மை 'எக்கிடேரியன்' என்று தாமே அழைத்துக்கொள்வதால் நாம் அழைக்க வேண்டியதில்லை.

கேக் உண்போர்: அவர்கள் கேட்கமாட்டார்கள், நீங்களும் சொல்லாதீர்கள்.

இலக்கியச் சான்று இல்லாத கட்டுரையை எந்தக் கருத்தரங்கிலும் வாசிக்க விடமாட்டார்கள் என்பதால், கபிலர். புறநானூற்றின் 14-ஆம் பாட்டில் சேரமான் செல்வக்கடுங்கோ வாழியாதன் அவர் கையைப் பிடித்துப் பார்க்கிறான், மெத்தென்று இருக்கிறது. உன் கை போர்த்தொழிலால் வன்மையானது, பாடிப் பிழைப்போர் கையோ 'ஊன்துவை கறிசோறு' உண்ணும் வேலையன்றி வேறு வேலை அறியாது, மென்மைக்கு அதுவே காரணம் என்று புலவர் விளக்கம் சொல்கிறார். கபிலர் அந்தணர் எனப் புறநானூறே வேறோரிடத்தில் குறிப்பதால், இப்பாட்டை வைத்துக்கொண்டு இரு தரப்பு அறிஞரும் அடித்துக்கொள்வது வழக்கம். இரு தரப்பும் கவனியாமல் விட்டது 'துவை' என்ற சொல்லை. அங்கே பேசப்படுவது துவைத்த ஊன். துவைத்தபின் பீஸ் எங்கே முடிகிறது, குழம்பு எங்கே தொடங்குகிறது? ஆகவே கபிலரைச் சைவர் என்பதும் பிழை, அசைவர் என்பதும் பிழை. அவரே முதற் குழம்பர். (பதிற்றுப்பத்தில் வரும் 'ஊன்துவை அடிசில்' என்ற தொடரைக் காட்டிப் பிரியாணி தமிழனுடையது என்று நிறுவும் நண்பர்கள் உண்டு. தக்காளியும் மிளகாயும் சேர நாட்டுக்கு எந்தக் கப்பலில் வந்தன என்று அவர்கள் சொல்லிவிட்டால் எனக்கும் ஆட்சேபம் இல்லை.)

இனி கட்டுரையின் உயிர்நிலைக்கு வருவோம். குழம்பர் ஆட்டை என்ன செய்கிறார்? அதன் மணத்தை, காரத்தை, கொழுப்பை எடுத்துக்கொண்டு, உடலை மட்டும் இலை ஓரத்தில் ஒதுக்குகிறார். தமிழ்நாட்டில் வேறெந்தப் பொருளுக்கு இந்தக் கதி நேர்கிறது? கறிவேப்பிலைக்கு. ஆகவே குழம்பர் என்பவர் ஆட்டைக் கறிவேப்பிலையாகப் பாவிப்பவர். இதைக் 'கறிவேப்பிலைக் கோட்பாடு' என்க.

இக்கோட்பாட்டுக்கு எழுந்த முதல் மறுப்பு முருங்கைக்காய். மென்று, சாற்றை உறிஞ்சி, சக்கையைத் துப்புகிறோமே, அதுவும் ஒதுக்குதல்தானே என்றார் என் மாமா (மாமா, கை காயுமுன் தெரிவித்தது). பொருந்தாது. முருங்கைக்காய் வாய்க்குள் போய்த் திரும்புகிறது. அது சைவர்களின் எலும்பு. குழம்பரின் பீஸ் வாசற்படி ஏறுவதே இல்லை. இரண்டாம் மறுப்பு பரோட்டாக் கடையிலிருந்து வந்தது. எம்டி சால்னா கேட்பவர் குழம்பரா என்பது கேள்வி. "அதுல முதல்லயே பீஸ் போடல. போடாதத எப்படி ஒதுக்குவாரு?" என்றார் மாஸ்டர் (பரோட்டா மாஸ்டர், கல்லடித் தொடர்பாடல், கொத்து பரோட்டாவின் ஓசைக்கு நடுவே கேட்டது, பிற்பாதி கேட்கவில்லை, கேட்ட பாதியிலும் ஒரு சொல்லை அச்சிட முடியாது). குஸ்காவுக்கும் இதே தீர்ப்பு என்று கொள்ளலாமா? கூடாது. குஸ்கா வந்த அண்டாவில் ஆடு இருந்தது. அண்டா ஒன்று, கரண்டி ஒன்று, விலை மட்டுமே வேறு. அத்வைதிகள் இதை ஆராயலாம்.

குழம்பருள்ளும் தீவிரப் பிரிவினர் உண்டு. "கலக்காம, மேலாப்ல தெளிவா ஊத்துங்க" என்பது இவர்களின் மூலமந்திரம். அடியில் பீஸ் கிடக்கும், மேலே குழம்பு தூய்மையாக இருக்கும் என்பது நம்பிக்கை. சமையலறை இயற்பியல் இதற்கு நேர் எதிர். கொழுப்பு தண்ணீரைவிட இலேசானது. வெந்த குழம்பில் ஆட்டின் கொழுப்பெல்லாம் மேலே வந்து நிற்கிறது. தெளிவு கேட்பவர் இலையில்தான் ஆடு அதிகம் இறங்குகிறது. இதை ஒரு தீவிரரிடம் விளக்கினேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஆய்வறத்தின் எல்லை எதுவென்று புரிந்தது.

சட்டமும் குழம்பரைக் கைவிட்டது. பொட்டலத்தின்மேல் பச்சை வட்டம் இருந்தால் சைவம். அசைவத்துக்கு முன்பு பழுப்பு வட்டம். நிறம் பிரித்தறிய இயலாதோர் வசதிக்காக 2020-ஆம் ஆண்டின் விதிகள் அதை முக்கோணமாக்கின. சட்டத்தின் கண்ணுக்கு முட்டை அசைவம். பால் மாட்டிலிருந்து வந்தாலும் அசைவத்தில் சேராது. நடுவில் நிற்பவருக்குக் குறி இல்லை. பச்சை வட்டத்தின்மேல் பழுப்பு முக்கோணம் இலேசாக மிதப்பதுபோல் ஒன்றை இக்கட்டுரை பரிந்துரைக்கிறது.

எந்த இயலிலும் அடங்காத ஒரு குறிப்பு. வாடகைக்கு வீடு தேடிப் போனால், "சாப்பாடெல்லாம் எப்படி சார்?" என்று கேட்கிறார்களே, அது உணவுக் கேள்வி அன்று. "சைவம்தாங்க" என்று சொன்னவரிடமும் அடுத்து, "சொந்த ஊரு?" என்று வரும்; அதற்கடுத்து, "அங்க எந்தத் தெரு?" தெரு தெரிந்தபின் வாழைக்காய் காப்பாற்றாது. இதை ஆராயவென்றே துறைகள் உள்ளன. அத்துறைப் பேராசிரியர்கள் தம் மாடி போர்ஷனை யாருக்கு விட்டிருக்கிறார்கள் என்பதும் ஆராயத்தக்கதே.

இறுதியாகக் களப்பணி. மதுரையில் ஒரு மெஸ்ஸில், ஒரு ஞாயிறு நண்பகல், இலை போட்ட நீள மேசை. அங்கே சாப்பாட்டோடு கறிக்குழம்பும் மீன் குழம்பும் கேட்கக் கேட்க வரும். சுக்காவுக்கும் கோலா உருண்டைக்கும் தனிக் காசு. எதிரே ஒரு பெரியவர், "குழம்பு மட்டும்" என்றார். என் நெஞ்சு படபடத்தது. அவரது தத்துவ நிலைப்பாட்டைக் கேட்டேன்.

"பல்லு இல்ல தம்பி."

இவரை ஆய்விலிருந்து விலக்கியுள்ளேன். கோட்பாட்டுக்கு ஒத்துவராத தரவை விலக்குவது துறை மரபு. அவருக்குப் பக்கத்தில் இருந்த இளைஞரும் குழம்பு மட்டும். "மாசக் கடைசிண்ணே, சுக்கா என்ன விலைன்னு போர்டைப் பாத்தீங்களா?" என்றார். இவரையும் விலக்கினேன். மூன்றாவதாக ஓர் அம்மா. பல் இருந்தது, பக்கத்தில் மகனுக்குச் சுக்கா வாங்கிக் கொடுத்திருந்தார், ஆகவே காசும் இருந்தது. விரதமா என்றேன். இல்லை. மருத்துவர் சொன்னாரா? இல்லை. வீட்டு வழக்கமா, வேண்டுதலா, ஆட்டின்மேல் இரக்கமா? என்னிடம் இருந்த கட்டங்கள் எல்லாம் தீரும்வரை கேட்டேன்.

"எனக்கு இன்னைக்கு வேணாம்னு இருந்துச்சு. வேணாம்னுட்டேன். போன வாரம் நாலு பீஸ் சாப்பிட்டேன். அதுக்கு என்ன இப்ப?"

இதற்குரிய கட்டம் படிவத்தில் இல்லை. ஓரத்தில் எழுதினேன்; குழம்பு ஈரத்தில் மை கலைந்துவிட்டது. அதற்குள் பரிமாறுபவர் வாளியோடு என் தலைக்குமேல் வந்து நின்றார்.

"சார், உங்களுக்கு?"

"குழம்பு மட்டும்."

"பீஸ் வந்தா?"

கரண்டி வாளிக்குள் போயிருந்தது. எட்டிப் பார்த்தேன், ஒன்று கிடந்தது, எலும்போடு.

"வந்தா வரட்டும்ணே."