சங்கம் போகும் கோட்டை

கேள்வி: அடுக்குமாடிச் சங்கப் பிரச்சினைகளை எம்.எல்.ஏ.விடம் கொண்டுபோனால் பலன் உண்டா?
(வாசகர், வேளச்சேரி)

பதில்: உண்டு. ஆனால் லிஃப்ட், பார்க்கிங், மூன்றாம் மாடி நாய் எல்லாவற்றையும் ஒரே மனுவில் அடைக்காதீர்கள். நாய்க்காகச் சட்டமன்றம் கூடாது! சட்டத்தை மாற்றவென்றால் கூடும். தமிழ்நாட்டின் 1994ஆம் ஆண்டு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் இருந்தவரை, பழைய கட்டடத்தை இடித்துக் கட்ட உரிமையாளர்கள் அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டியிருந்தது. ஒரே ஒரு மாமா முறுக்கிக்கொண்டால் போதும், கட்டடம் தானாக விழும்வரை காத்திருக்க வேண்டியதுதான். 2022 சட்டம் மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்புதல் போதும் என்றது. நடைமுறைக்கு வந்ததோ 2024இல். ஆகவே எந்தப் பிரிவு மாறவேண்டும் என்று குறிப்பிட்டு, கையெழுத்தோடு போங்கள். வாடகைக்காரர்களையும் அழைத்துப்போங்கள். சங்கத்தில்தான் அவர்களுக்கு ஓட்டில்லை, தொகுதியில் உண்டு.