பிஸ்கட் டப்பாவும் பிழைப்பும்: புத்தொழில் நிறுவனங்களில் ஆட்குறைப்புச் சகுனங்கள் குறித்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

வேலை ஏன் போகிறது என்று பொருளியல் அறிஞர்கள் எழுதிக் குவித்திருக்கிறார்கள். போன பின் என்ன செய்வது என்று யூடியூபில் பேசாதவர் இல்லை. போகப்போகிறது என்று தெரிந்தும் இன்னும் போகாத அந்த இடைக்காலம் மட்டும் ஆய்வுலகின் கண்ணில் படாமல் கிடக்கிறது. சம்பளத்துக்குச் செய்யும் வேலைக்கு மேல், சம்பளமில்லாமல் செய்யும் இரண்டாவது வேலை அது. ஊரிலிருந்து அழைக்கும் அம்மா "வேலையெல்லாம் எப்படிப் போவுது?" என்கிறார். "போய்க்கிட்டிருக்கும்மா" என்ற பதிலில் பொய் ஏதுமில்லை.

இவ்வாய்வின் கருதுகோள்: எங்கே கணக்கு மறைக்கப்படுகிறதோ அங்கே சகுனம் தழைக்கும்.

2. களமும் முறையும்

களம், பெருங்குடி தொடங்கிச் சிறுசேரி வரை பழைய மாமல்லபுரம் சாலையோரம் உள்ள, முதலீட்டாளர் பணத்தில் நடந்து அடுத்த ஆண்டு இலாபம் காணவிருக்கும் நிறுவனங்கள். அந்த அடுத்த ஆண்டு எது என்பது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது. தரவுகள் பேன்ட்ரி, லிஃப்ட், கட்டடத்துக்கு வெளியே உள்ள டீக்கடை ஆகிய இடங்களில் திரட்டப்பட்டன. ஆல்-ஹேண்ட்ஸ் கூட்டங்களில் கிடைத்த தரவுகள் நம்பகத்தன்மை கருதி விலக்கப்பட்டன.

3. சகுனங்களின் வகைப்பாடு

அ. உணவுச் சகுனம். இதுவே தொன்மையானது. பாதாம் இருந்த ஜாடியில் வறுகடலை வருவது தொடக்க நிலை. வறுகடலை இருந்த இடத்தில் மேரி பிஸ்கட் வருவது நடு நிலை. ஜாடியையே காணோம் என்பது முற்றிய நிலை. வெள்ளிக்கிழமை பிரியாணி நின்ற வாரத்திலேயே உடல்நலம் பேணுவது பற்றி எச்ஆர் மின்னஞ்சல் அனுப்பினால் பலன் உறுதி.

ஆ. காலண்டர் சகுனம். தலைப்பில்லாமல் வரும் பதினைந்து நிமிட அழைப்பு. மேனேஜர் மட்டும் இருந்தால் வேலை வந்திருக்கிறது. கூடவே எச்ஆரும் இருந்தால் வேலை முடிந்திருக்கிறது.

இ. ஆள் சகுனம். மே மாத வெயிலில் கோட் போட்ட அந்நியர் இருவர் கண்ணாடி அறைக்குள் போய், கண்ணாடி மறையக் காகிதம் ஒட்டிக்கொள்வது. அக்கவுண்ட்ஸ்காரர் எல்லோருக்கும் முந்திப் பேப்பர் போடுவதும், அதாவது ராஜினாமா செய்வதும், இவ்வகையே. ஆனால் அதைச் சகுனம் என்பதைவிடச் சான்று என்பதே பொருந்தும்.

ஈ. முகச் சகுனம். இங்கே இரு மரபுகள் மோதுகின்றன. நிறுவனர் சிரித்தால் "ஃபண்டிங் வந்துடுச்சு" என்பது ஒரு மரபு. "லிஸ்ட் ரெடியாயிடுச்சு, அதான் நிம்மதி" என்பது மற்றொன்று. இடப்பக்கமா வலப்பக்கமா என்பதற்கேற்பப் பல்லி விழும் பலன் மாறுவதைப் போல, மேலாண்மைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் கழிப்பறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் பலன் வேறு. எப்படியாயினும் இச்சாத்திரம் பொய்த்ததில்லை. நாள் குறிக்காத ஆரூடம் எப்படிப் பொய்க்கும்?

4. கிரக நிலை

2022 மார்ச்சில் அமெரிக்க மத்திய வங்கி வட்டியை ஏற்றத் தொடங்கியது. பூஜ்யத்தை ஒட்டிக் கிடந்த வட்டி, 2023 ஜூலைக்குள் 5 விழுக்காட்டைத் தாண்டியது. பணத்தைச் சும்மா பத்திரத்தில் போட்டாலே வட்டி வரும் என்றானதும், என்றைக்காவது இலாபம் தருவோம் என்றவர்களிடமிருந்து முதலீட்டாளர்கள் கையை இழுத்துக்கொண்டார்கள். வாஷிங்டனில் வட்டி ஏற, துரைப்பாக்கத்தில் பாதாம் இறங்கியது. 2022 அக்டோபரில் பைஜூஸ் 2,500 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. அடுத்த மாதமே மெட்டா 11,000 பேரை அனுப்பியது.

கையிருப்பை மாதச் செலவால் வகுத்தால், இன்னும் எத்தனை மாதம் என்பது வந்துவிடும். 30 கோடி இருந்து, வரவு போக மாதம் 3 கோடி கரைந்தால் 10 மாதம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடும் இந்தக் கணக்குக்கு 'ரன்வே' என்று பெயர். இதற்கு வேண்டிய இரண்டு எண்களில் ஒன்றுகூட ஊழியருக்குச் சொல்லப்படுவதில்லை. ஆகவே அவர் பிஸ்கட்டை எண்ணுகிறார். நிறுவனரும் சும்மா இல்லை. முதலீட்டாளருக்கு அனுப்பிய வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுந்தும் பதில் வராததற்கு அவர் பலன் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கருதுகோளுக்கு எதிரான சான்றையும் மறைக்கலாகாது. சென்னையில் பிறந்து அமெரிக்கப் பங்குச்சந்தை ஏறிய ஃப்ரெஷ்வொர்க்ஸின் கணக்கு ஊரறிந்தது. அது 2024 நவம்பரில் ஏறத்தாழ 660 பேரைக் குறைத்தது. கூடவே 40 கோடி டாலர் வரை தன் பங்குகளைத் தானே திரும்ப வாங்கப்போவதாகவும் அறிவித்தது. பணம் தீரும் நாளைக் கணக்கு சொல்லும். பணம் இருந்தும் மனம் தீரும் நாளை அதுவும் சொல்லாது.

5. காத்திருப்போர் வகை

உழைப்பாளி: ஸ்லாக்கில் தன் பெயருக்குப் பக்கத்துப் பச்சைப் புள்ளி அணையாதிருக்க நள்ளிரவிலும் மவுஸை ஆட்டிக்கொண்டிருப்பவர். அறிஞர்: "லிஸ்டை நான் பார்த்தேன்" என்பவர், லிஸ்டில் தன் பெயர் இருந்ததை மட்டும் பார்க்காதவர். துறவி: எது நடந்தாலும் சரி என்று நாளுக்கு ஆறு டீ குடிப்பவர். இவருக்கு வீட்டுக்கடன் இல்லை.

நான்காமவரே ஆய்வாளரை வியக்க வைத்தவர். வேறு கம்பெனி ஆஃபர் லெட்டரைப் பையில் வைத்துக்கொண்டு, இழப்பீட்டுப் பணத்துக்காகப் பேப்பர் போடாமல் காத்திருப்பவர் அவர். லிஸ்ட் வந்து, அதில் தன் பெயர் இல்லை என்று தெரிந்ததும் இவர் படும் துயரத்துக்கு ஆறுதல் சொல்ல ஆளில்லை.

6. சட்ட மரபு

ஓராண்டு தொடர்ந்து பணியாற்றிய தொழிலாளரை நீக்க ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கீடான சம்பளம். முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம். பொதுவாகக் கடைசியில் வந்தவர் முதலில் போக வேண்டும். இது 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டம் வகுத்த நெறி. இன்றைய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பும் இதைத் தொடர்கிறது. மேலாளர்களுக்கு இது பொருந்தாது. அதனால்தானோ என்னவோ, மூவர் குழுவில் இருவர் லீட், ஒருவர் மேனேஜர். ஆனால் நீதிமன்றங்கள் பார்ப்பது விசிட்டிங் கார்டை அல்ல, செய்யும் வேலையை.

இந்நெறியைத் தாண்ட ஒரு வாக்கியம் போதும்: "நீங்களே பேப்பர் போட்டுடுங்க, ரெக்கார்ட் க்ளீனா இருக்கும்." தானாக விலகியவருக்கு ஆட்குறைப்பு இழப்பீடு கிடையாது. ஆண்டுக்கணக்கில் சகுனம் பார்த்தவர், ஐந்தே நிமிடத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்.

7. பரிந்துரைகள்

சகுனம் பார்ப்பதை நிறுத்தச் சொல்வது மனித இயல்புக்கு மாறானது. அதற்கிடையே சிலவற்றைச் செய்துவைக்கலாம். சம்பளச் சீட்டு, படிவம் 16, நியமனக் கடிதம் ஆகியவற்றின் நகல் வீட்டில் இருக்கட்டும். லேப்டாப் பூட்டப்படும் வேகம் சம்பளம் போடும் வேகத்தை விஞ்சும். குழுக் காப்பீடு வேலையோடு போய்விடும். குடும்பத்துக்குத் தனிக் காப்பீடு எடுங்கள். பேப்பர் போடச் சொன்னால் ஒருநாள் அவகாசம் கேளுங்கள், முடிந்தால் ஒரு வழக்கறிஞரையும் கேளுங்கள்.

நிறுவனர்களுக்கு ஒரு விண்ணப்பம். இன்னும் எத்தனை மாதத்துக்குப் பணம் இருக்கிறது என்பதை ஊழியர்களிடம் சொல்லிவிடுங்கள். சொன்னால் திறமைசாலிகள் போய்விடுவார்கள் என்று அஞ்சுகிறீர்கள். சொல்லாவிட்டாலும் அவர்கள்தான் முதலில் போகிறார்கள்.