எழுத்துருவின் தகப்பன் பெயர்: ஒரு வம்சாவளி ஆய்வு

தமிழ்நாட்டுத் தமிழனுக்குத் தகப்பன் முன்னால் நிற்பார். மலேசியத் தமிழனுக்குப் பின்னால் நிற்பார். அங்கே ஒற்றை எழுத்தாகத் தலைமாட்டில் குந்தியிருக்கும் அப்பா, இங்கே அடையாள அட்டையில் ‘இன்னாரின் மகன்’ எனச் சொல்லும் ‘ஏ/எல்’ என்ற சாய்கோட்டைத் தாண்டி, முழுப்பெயரோடு வால்மாட்டில் அமர்கிறார். கணினி எழுத்துருக்களும் இந்த விதிக்குத் தப்பவில்லை என்பதே இவ்வாய்வின் துணிபு.

முதலில் தலைமாட்டுக் கூட்டம். 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட் 99 மாநாடு டேம், டேப் என இரு குறியேற்றங்களை வகுத்தது. இணையத்தில் கூடிப் பேசியவர்களோ டிஸ்கி என்று தனிக்குடித்தனம் நடத்தினார்கள். ஒரே எண்ணுக்கு வீட்டுக்கு வீடு வேறு எழுத்து. குலம் விசாரிக்காமல் கலந்தால் ‘அம்மா’ அலங்கோலமாகிவிடும். ஆகவே எழுத்துருக்கள் இனிஷியலை முன்னால் போட்டுக்கொண்டே வெளியே வந்தன. டிஸ்கி வீட்டில் பரணரே ‘டிஎஸ்சியு_பரணர்’ ஆனார். புறநானூற்றில் அவருக்கு இனிஷியல் கிடையாது.

அந்நாளில் பிரிக்ஃபீல்ட்ஸ் அச்சுக்கடை ஒன்றுக்குத் தங்கையின் கல்யாணப் பத்திரிகையை டிஸ்கெட்டில் கொண்டுபோனேன். கடைத்தம்பி மாப்பிள்ளை பெயரைக்கூடக் கேட்கவில்லை. “அண்ணே, இது டேப்பா, டிஸ்கியா?” என்றான். சம்பந்தி வீட்டார்கூட அவ்வளவு நுணுக்கமாக விசாரித்ததில்லை.

இனி வால்மாடு. ஆப்பிள் கணினியில் ‘தமிழ் எம்என்’, ‘தமிழ் சங்கம் எம்என்’ என்ற எழுத்துருக்கள் உண்டு. மலையாளம், கெமர், லாவோ என அண்டை வீட்டாருக்கும் அதே வால். செய்தவர் முரசு அஞ்சல் மென்பொருளைத் தந்த முத்து நெடுமாறன். எம்என் அவர் பெயரின் முதலெழுத்துகள். மலேசியர் கைப்பட்டதும் பெற்றவர் பெயர் பின்னால் போய்விட்டதை நோக்குக! சிக்கல் ஒன்றுண்டு. அவர் தகப்பனார், ‘மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்’ தொகுத்த கிள்ளான் கவிஞர் முரசு நெடுமாறன். அவரும் எம்என். ஆக, முறைப்படி எழுதினால் ‘எம்என் ஏ/எல் எம்என்’.

ஆங்கிலேய எழுத்துரு நிறுவனமான மோனோடைப்பும் ‘கில் சான்ஸ் எம்டி’ என்று வாலில்தானே போடுகிறது, அங்கே ஏது ஏ/எல் என்று எவரேனும் மடக்கலாம். வெள்ளைக்காரனுக்குக் குடும்பப்பெயர் பின்னால் வருவதுதானே வழக்கம்? ‘ஐடிசி காரமண்ட்’ என்று நியூயார்க்காரர்கள் முன்னால் போட்டுக்கொண்டதை இவ்வாய்வு கண்டுகொள்ளவில்லை.

பிறகு யூனிகோட் வந்தது. எல்லாருக்கும் ஒரே எண், குலம் விசாரிப்பதும் நின்றது. எஞ்சியிருப்பது மைக்ரோசாஃப்ட்டின் ‘லதா’. அவளுக்கு முன்னாலும் ஒன்றுமில்லை, பின்னாலும் ஒன்றுமில்லை. மகளுக்குரிய ஏ/பி போட்டு யார் பெயரை எழுதுவது என்று பதிவு இலாகாவில் எண் எடுத்துக் காத்திருக்கிறேன்.